அளவு நோட்டுக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், "பேரிடருக்குப் பிறகு நடக்கும் கட்டுமானத்தை வளர்ச்சி என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 26 வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். வெள்ளம் வடிந்த வீடு, எரிந்த கிடங்கு, விரிசல் விட்ட பட்டறை என்று அளவு டேப்பும் படிவமுமாக ஏறி இறங்கியவன். பொருளாதாரத்தை நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அங்கேதான்.

கே: பேரிடருக்குப் பிறகு ரோடு, பாலம், வீடு எல்லாம் புதிதாகக் கட்டுகிறார்கள். வேலை பெருகுகிறது, ஜிடிபி ஏறுகிறது. அப்படியென்றால் பொருளாதாரத்துக்கு அது நல்லதுதானே என்கிறாள் என் தோழி. தப்பு என்று மனதுக்குத் தெரிகிறது. எந்த இடத்தில் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. – பொருளாதாரம் படிக்கும் மாணவி

ப: உங்கள் தோழி கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். வேலை வருவது உண்மை, ஜிடிபி ஏறுவதும் பல சமயம் உண்மை. கேள்வி, அந்த எண் எதை அளக்கிறது என்பதுதான்.

பிரெஞ்சுக்காரர் பிரெடெரிக் பாஸ்தியா 1850-இல் சொன்ன ஜன்னல் கண்ணாடிக் கதையை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். பையன் ஒருவன் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கூடி நின்றவர்கள், "போகட்டும், கண்ணாடிக்காரனுக்கு வேலை கிடைத்ததே" என்று தேற்றுகிறார்கள். அதே காசில் வீட்டுக்காரர் ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருப்பார். கண்ணாடி உடையாமல் இருந்தால் அவரிடம் கண்ணாடியும் இருந்திருக்கும், செருப்பும் இருந்திருக்கும். இப்போது கண்ணாடி மட்டும்தான். வாங்கப்படாத அந்தச் செருப்பை யாரும் பார்ப்பதில்லை. கதை அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் தோழி விடமாட்டார். ஜிடிபிக்கு வாருங்கள். ஒரு வருடத்தில் எவ்வளவு பொருளும் சேவையும் உற்பத்தியாயின என்பதைத்தான் அது கூட்டிச் சொல்கிறது. கையில் எவ்வளவு சொத்து மிச்சம் இருக்கிறது என்பது அதில் வராது. பாலம் இடிந்தால் ஜிடிபியில் அதைக் கழிக்க மாட்டார்கள். தேசியக் கணக்குகளுக்கான சர்வதேச முறையில், பேரிடர் அழித்த சொத்து வேறொரு தனிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் திரும்பக் கட்டினாலோ முழுத்தொகையும் ஜிடிபியில் ஏறிவிடும். இடிந்தது ஒரு நோட்டில், கட்டியது இன்னொரு நோட்டில். செய்தியில் வருவது இரண்டாவது நோட்டு மட்டும். தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சைமன் குஸ்நெட்ஸ், இந்த எண்ணை வைத்து மக்கள் நலனை முடிவுகட்ட முடியாது என்று 1934-இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்திருந்தார்.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. ஒரு தையல் பட்டறையில்தான் புரிந்தது. வெள்ளம் வடிந்த நாலாவது நாள் போனேன். மொத்தம் பதினோரு மெஷின். தண்ணீர் நின்ற கோடு சுவரில் என் தோள் உயரத்துக்கு இருந்தது. பட்டறை நடத்திய அம்மா ஒரு மெஷினைச் சாய்த்து, பாபின் மூடியை நெம்பி எடுத்துக் காட்டினார். உள்ளே சேறு இறுகி, அச்சில் வார்த்த களிமண் மாதிரி இருந்தது. மோட்டார், காஜா மெஷின், ஓவர்லாக் என்று ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே கொடியில் துணிக்குப் பதில் தாள்கள் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. பதினான்கு வருடமாக வாடிக்கையாளர்களின் அளவு எழுதிவைத்த நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயப்போட்டிருந்தார். மை கரைந்து, பக்கம் முழுக்க நீலம் பரவியிருந்தது. தோள், கை நீளம், கழுத்து என்ற தலைப்புகள் மட்டும் அச்சிட்டவை என்பதால் அழியாமல் நின்றன.

"சார், மெஷினுக்கு நீங்க ஒரு விலை போட்டுடுவீங்க. இந்த நோட்டுக்கு எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டார்.

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு மதிப்பீட்டுக்காக அதே தெருவுக்குப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். பதினோரு புது மெஷின் வரிசையாக நின்றன. ஓடியவை நாலு. க்ளெய்ம் பணம் வந்து சேர ஏழு மாதம் ஆகியிருக்கிறது. அதற்குள் அவருடைய பெரிய ஆர்டர் இன்னொரு பட்டறைக்குப் போய்விட்டது, போனது திரும்பவில்லை. வாங்கிய புது மெஷின்கள் ஜிடிபியில் உண்டு. சேற்றை அள்ளிய லாரி வாடகையும் உண்டு. அந்த நோட்டும், அந்த ஏழு மாதமும், ஓடாத ஏழு மெஷினும் எதிலும் இல்லை. உங்கள் தோழியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கே: நான் கொத்தனார். வெள்ளத்துக்குப் பிறகு மூன்று வருடம் ஒரு நாள் கூட வேலையில்லாமல் இருந்ததில்லை. கூலியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பணத்தில்தான் மகளைப் படிக்கவைத்தேன். இதை நீங்கள் வளர்ச்சி இல்லை என்று சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது.

ப: உங்களை வருத்தப்பட வைத்ததற்கு மன்னியுங்கள். நீங்கள் சம்பாதித்தது உழைத்த காசு, உங்கள் குடும்பத்துக்கு அது முன்னேற்றம்தான். இடிந்த ஊரை எழுப்புவதைவிட மதிப்பான வேலை எனக்குத் தெரியவில்லை. நான் பேசியது ஊர் மொத்தத்தின் கணக்கைப் பற்றி.

உங்கள் கூலி இரண்டு மடங்கான அதே மாதங்களில் கம்பி, ஜல்லி, மணல், மரம் எல்லாமே ஏறியிருக்கும். ஒரே நேரத்தில் ஆயிரம் வீட்டுக்காரர்கள் ஒரே மேஸ்திரியைத் தேடினால் அப்படித்தான் ஆகும். எங்கள் தொழிலில் இதைத் தேவை வீக்கம் என்போம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 36 சதுர மீட்டரில் சிறு வீடுகள் கட்டித் தருவதாகத் திட்டம். உலகம் முழுக்க இருந்து நன்கொடை வந்தது. வந்த பணமெல்லாம் ஒரே செங்கலையும் ஒரே மரத்தையும் துரத்த, 2005 கடைசியில் அதன் தலைநகர் பண்டா ஆச்சேயில் பணவீக்கம் சுமார் 40 சதவீதத்தைத் தொட்டது. வீடு கட்டித் தருகிறோம் என்று ஒரு தொகை சொல்லி வந்த அமைப்புகள் அந்தத் தொகைக்குள் முடிக்க முடியாமல் திணறின. வீடு இழக்காத ஏழைகளும் விலையேற்றத்தைச் சுமந்தார்கள். கட்டுமானத்தில் இருந்தவருக்கு ஏறிய கூலி, மாதச் சம்பளக்காரருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் ஏறாது.

இன்னொன்றை உரிமையோடு கேட்கிறேன். அந்த மூன்று வருடம் முடிந்த பிறகு வேலை எப்படி இருக்கிறது? இதை நீங்கள் எழுதவில்லை. பல இடங்களில் நான் பார்த்தது இதுதான்: வெளியூரிலிருந்து வந்தவர்கள் கிளம்பிப் போவார்கள், கூலி பழைய இடத்துக்கு இறங்கும், கடனில் கலவை மெஷின் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வீட்டை ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விடாமல், பெரும்பாலும் வீட்டுக்காரர் கையிலேயே தவணையாகப் பணம் கொடுத்தார்கள். வேலை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பொறியாளர் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. கூடவே ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்கு நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி கொடுத்தார்கள். மூலையில் கம்பியை எப்படி வளைத்துக் கட்டுவது, வாசல் மட்டத்தில் சுற்றிவர காங்கிரீட் பட்டை ஏன் ஓட வேண்டும் என்பதெல்லாம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், கூட்டம் கலைந்த பிறகும் அந்தக் கைக்கு மதிப்பு இருக்கும். உங்கள் பக்கத்தில் அப்படிப் பயிற்சி நடந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கே: அரசுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?

ப: நம் பையிலிருந்துதான். இன்றைக்கா, நாளைக்கா என்பதில்தான் வித்தியாசம்.

2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு ஜப்பான் இதை ஒளிக்காமல் சொன்னது. 2013-இலிருந்து 25 வருடத்துக்கு, ஒவ்வொருவரும் கட்டும் வருமான வரியின் மேல் 2.1 சதவீதம் மறுகட்டமைப்பு வரி என்று சட்டம் போட்டார்கள். சுனாமியின்போது பிறக்காத குழந்தை வேலைக்குப் போய் அந்த வரியைக் கட்டும். சிலி, 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிறுவனங்கள் மீதான வரியை 17-இலிருந்து 20 சதவீதமாக்கியது. வரி போடாத அரசு கடன் வாங்கும், அல்லது வேறு எதற்கோ ஒதுக்கிய பணத்தை இழுக்கும். கட்டாமல் போன பள்ளிக்கூடம்தான் பாஸ்தியா கதையில் வரும் செருப்பு.

ஏழை நாட்டுக்கு இந்த வழிகளும் குறுகல். 2010 ஜனவரி ஹெய்ட்டி நிலநடுக்கத்தின் சேதமும் இழப்பும் சேர்ந்து அந்த நாட்டின் ஓராண்டு ஜிடிபியில் 120 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஒரு வருடம் முழு நாடும் சாப்பிடாமல் உழைத்தாலும் போதாது.

கே: பழையது போய்ப் புதியது வருவதும் ஒரு நன்மைதானே? பழைய மெஷின், பழைய பாலம் இருந்த இடத்தில் நவீனமானது வருகிறதே?

ப: இந்தக் கட்சிக்கு ஆதாரம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1872-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பெரிய தீ, 776 கட்டிடங்கள் போயின. பின்னாளில் ஆராய்ந்தவர்கள், எரிந்த பகுதியில் நிலத்தின் மதிப்பு நன்றாக உயர்ந்ததைக் கண்டார்கள். காரணம் சுவாரசியமானது. சுற்றிலும் பழைய கட்டிடங்கள் நிற்கும்போது நான் ஒருவன் மட்டும் பெரிதாகக் கட்டினால் எனக்கு அதிக வாடகை வராது. அதனால் யாரும் முதலில் கை வைப்பதில்லை. தீ எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டவைத்தது. ஆச்சேயிலும் சுனாமி நுழைந்த பகுதிகள், நுழையாத பகுதிகளைவிடப் பின்னால் வேகமாக வளர்ந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. அங்கே வெளியிலிருந்து வந்து இறங்கிய உதவி இழப்பையே மிஞ்சும் அளவு இருந்தது. 1,40,000-க்கும் மேல் வீடுகள் எழுந்தன. அதை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

மறுபக்கத்துக்கு ஜப்பானின் கோபே துறைமுகம். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்துக்கு முன் அது உலகத்தின் ஆறாவது பெரிய கொள்கலன் துறைமுகம். பணக்கார நாடு, திறமையான பொறியாளர்கள், இரண்டு வருடத்தில் புத்தம் புதிதாகக் கட்டி முடித்தார்கள். பளபளக்கும் கிரேன்கள் வந்துவிட்டன, கப்பல்கள் எல்லாம் வரவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவை தென் கொரியாவின் பூசான் மாதிரி வேறு துறைமுகங்களுக்குப் பழகிவிட்டன. கோபே பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. அதே நகரத்தில் நாகாத்தா பகுதி செயற்கைத் தோல் செருப்புக்குப் பெயர்போனது. சின்னச் சின்னப் பட்டறைகள், ஒருவர் வெட்ட, இன்னொருவர் ஒட்ட, மூன்றாமவர் தைக்க என்று தெருவே ஒரு தொழிற்சாலை. நிலநடுக்கத்தோடு வந்த தீயில் அது எரிந்தது. கட்டிடத்தைத் திரும்ப எழுப்பலாம், அப்படிப் பின்னிக் கிடந்த தெருவை எழுப்புவது எப்படி?

புதிய கோபே துறைமுகத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் ஓடாத அந்த ஏழு மெஷின்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஒரு கூட்டல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1950 முதல் 2008 வரை உலகம் முழுக்க அடித்த சுமார் 6,700 புயல்களை எடுத்து ஆராய்ந்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள், புயல் பட்ட நாடுகளின் வருமானம் இருபது வருடம் கழித்தும் பழைய பாதைக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். பாஸ்டன் மாதிரி நடப்பது அபூர்வம்.

கே: பேரிடர் பகுதிக்கு எங்கள் அலுவலகத்தில் பொருள் சேகரிக்கிறோம். பொருளா, பணமா, எது நல்லது?

ப: முதல் சில நாட்களுக்கு, அங்கிருப்பவர்கள் கேட்கும் பொருளை மட்டும் அனுப்புங்கள். அதற்குப் பிறகு பணம். காரணம் எளிது. நீங்கள் லாரியில் இலவசப் போர்வை இறக்கினால், அங்கே தட்டுத்தடுமாறிக் கடையைத் திறந்த போர்வை வியாபாரி மறுபடி மூடுவார். அதே தொகையைப் பணமாகக் கொடுத்தால் குடும்பத்துக்குப் போர்வையும் கிடைக்கும், அவர் கல்லாவிலும் காசு விழும். 2004 சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் பழைய துணி யாரும் சீந்தாமல் மலையாகக் குவிந்து கிடந்தது. இலங்கையிலும் ஆச்சேயிலும் சில இடங்களில் முன்பு இருந்ததைவிட அதிகமாகச் சிறு படகுகளைக் கொடுத்துவிட்டார்கள். படகு பெருகியது, மீன் பெருகவில்லை.

கே: நிலநடுக்கத்தில் வீடும், அதை ஒட்டி இருந்த என் சிறிய அச்சகமும் போய்விட்டன. நிவாரணத்தின் முதல் தவணை வந்திருக்கிறது. இரண்டையும் கட்ட அது போதாது. வீட்டை முதலில் கட்டவா, தொழிலை முதலில் தொடங்கவா? மனைவிக்கும் எனக்கும் இதில் தினமும் வாக்குவாதம். நான் மட்டும் வேறு ஊருக்குப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

ப: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் ஐயா. நிவாரணம் குறிப்பாக வீட்டுக்கென்று வந்திருந்தால் அதில் கை வைக்காதீர்கள், அடுத்த தவணை நின்றுவிடும். எதற்கும் செலவழிக்கலாம் என்று வந்த தொகையாக இருந்தால், என் யோசனை இது: குடும்பத்துக்கு மழையும் குளிரும் படாத ஓர் இடம் முதலில், அது வாடகை வீடாகவும் இருக்கலாம். அடுத்த காசு தொழிலுக்கு. நிரந்தர வீடு மூன்றாவது. மனைவி இதை ஏற்பது கஷ்டம்தான். இடிந்து கிடக்கும் வீட்டைத் தினமும் பார்ப்பவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது. ஆனால் நான் பார்த்த குடும்பங்களில், கடன் வாங்கி வீட்டை முடித்து, பிறகு வருமானம் இல்லாமல் அதே வீட்டை விற்றவர்கள் உண்டு.

தொழில் என்றதும் முழு அச்சகத்தையும் நினைக்காதீர்கள். ஒரே ஒரு மெஷின், வாடகைக்கு ஓர் அறை போதும். அதுவும் முடியாவிட்டால் ஆர்டரை வாங்கி வேறு அச்சகத்தில் அடித்துக் கொடுங்கள், லாபம் நின்றாலும் பரவாயில்லை. உங்கள் வாடிக்கையாளர் வேறு கதவைத் தட்டப் பழகிவிடக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். இன்றே ஒவ்வொருவரையும் அழைத்து, "நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஊரை விட்டுப் போவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். 2000-இல் 4,84,674 பேர் இருந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸில், 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2010 கணக்கெடுப்பில் 3,43,829 பேர்தான். ஊர் சுருங்கியது. ஆனால் புயலில் சிக்கியவர்களின் வரிக் கணக்குகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், முதலில் விழுந்த வருமானம் சில வருடங்களிலேயே மீண்டு, முன்பைவிடக் கூடவும் செய்தது தெரிந்தது. ஊர் மீளுவது வேறு, மனிதர்கள் மீளுவது வேறு. ஆனால் "நான் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மனைவியோடு உட்கார்ந்து பேசாமல் முடிவு செய்யாதீர்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாலிசியை எடுத்து மூன்று இடம் பாருங்கள். இழப்பீடு தேய்மானம் கழித்தா, புதிதாக வாங்கும் விலைக்கா? பத்து வருட மெஷினுக்கு இரண்டுக்கும் இடையே பாதிக்கு மேல் வித்தியாசம் வரும். அடுத்து, சொத்தின் முழு மதிப்புக்குப் பாலிசி எடுத்தீர்களா? பாதி மதிப்புக்கு எடுத்திருந்தால், பல பாலிசிகளில் இழப்பிலும் பாதிதான் தருவார்கள், சேதம் சிறியதாக இருந்தாலும் சரி. பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துப் போட்ட எத்தனையோ பேர் இந்த இடத்தில் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். மூன்றாவது, தொழில் நின்றுபோன மாதங்களின் வருமானத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா? அதைப் பெரும்பாலானோர் எடுப்பதே இல்லை. தையல் பட்டறை அம்மாவும் எடுத்திருக்கவில்லை.

இடிபாட்டை அள்ளுவதற்கு முன் ஒவ்வொரு மெஷினையும், அதன் எண் பொறித்த தகட்டோடு படம் எடுத்து வையுங்கள். சர்வேயர் வருவதற்குள் எதையும் எடைக்குப் போடாதீர்கள். அப்புறம், வாடிக்கையாளர் பெயர், ஆர்டர் விவரம் எழுதிய நோட்டு ஏதாவது கிடைத்தால், கிழிந்திருந்தாலும் சரி, பக்கம் பக்கமாக செல்போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அதை இன்று இரவே செய்துவிடுங்கள்.